கலாமுக்கு முன்னால் யாருமே இல்லையா?

பழங்கோப்பு:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார்: “1999-இல் அப்துல் கலாம் வரும்வரை இந்திய அரசுக்கு அறிவியல் ஆலோசகரே கிடையாது.” அதற்குப் பாராட்டு மழை வேறு. 1948-இலேயே இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராகப் பொறுப்பேற்றுவிட்டார். 1956-இல் அமைச்சரவைக்கென்றே அறிவியல் ஆலோசனைக் குழு அமைந்தது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதற்குத் தலைமை வகித்தார். இவர்களெல்லாம் டெல்லிக்கு வெயில் காயவா போனார்கள்?

இராமநாதபுரத்தான்:
எழுதியவன் நான்தான் ஐயா, பெயரைச் சொல்லியே திட்டலாம். முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 1999 நவம்பரில் உருவானது. அதில் முதலில் அமர்ந்தவர் கலாம். எந்தப் போட்டித் தேர்வுப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதுதான் விடை.

பழங்கோப்பு:
போட்டித் தேர்வுப் புத்தகம்! நல்ல ஆதாரம். 1992 முதல் 1999 வரை கலாம் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்தாரே, அது யாருடைய நாற்காலி? கோத்தாரியுடையது. உங்கள் கணக்குப்படி, கலாம் வருவதற்கு முன்பே கலாம் இருந்திருக்கிறார்.

பொள்ளாச்சிக்காரன்:
இருவரும் எங்கள் ஊர்க்காரரை வசதியாக மறந்துவிட்டீர்கள். 1971-இல் அறிவியல் தொழில்நுட்பத்துக்கான தேசியக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சி. சுப்பிரமணியம். 1974 முதல் 1979 வரைக்கான அறிவியல் தொழில்நுட்பத் திட்டத்தையே வகுத்த குழு அது. அதற்கு முன் யார் இவ்வளவு விரிவாகத் திட்டம் போட்டார்கள்?

பழங்கோப்பு:
அவர் அமைச்சர். அமைச்சரே ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் என்றால் அவருக்கு யார் ஆலோசனை சொல்வது, நிலைக்கண்ணாடியா? பேச்சை மாற்றாதீர்கள். கோத்தாரி, 1948.

பொள்ளாச்சிக்காரன்:
மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் சி.எஸ். வேளாண் அமைச்சராக இருந்தபோது விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்டுப் புதிய கோதுமை விதையை வயலுக்குக் கொண்டுவந்தவர். கோத்தாரி என்ன விளைவித்தார்?

மல்லிகா:
யார் முதல் என்று உருண்டு புரள்கிறீர்களே, அவர்கள் சொன்னதை அரசு கேட்டதா என்று யாராவது பேசினீர்களா? 1956-இல் ஒரு குழு, 1968-இல் இன்னொன்று, 1971-இல் சி.எஸ். குழு, 1981-இல் மறுபடியும் பழைய பெயரிலேயே ஒன்று, 1986-இல் ராஜீவ் காந்திக்காக வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் தலைமையில் வேறொன்று. பிரதமர் மாறினால் பெயர்ப்பலகையும் மாறுகிறது. பாபாவின் கதையும் அப்படி ஒன்றும் சுத்தமில்லை. அணுசக்தி ஆணையத்தின் தலைவர் அவர், அணுசக்தித் துறையின் செயலாளரும் அவர், எந்த அறிவியலுக்கு எவ்வளவு என்று அமைச்சரவைக்குச் சொன்னவரும் அவர். தன் விண்ணப்பத்தில் தானே கையொப்பமிடும் வேலை. அமெரிக்காவில் 1863-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தைப் பாருங்கள்: எந்தத் துறை கேட்டாலும் தேசிய அறிவியல் கழகம் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும், செலவு தவிர ஊதியம் கிடையாது.

பழங்கோப்பு:
அம்மா, லிங்கன் இந்திய அரசுக்கு ஆலோசகராக இருந்தாரா? கோத்தாரி இருந்தார். 1948.

மல்லிகா:
ஆண்டை ஒப்பித்துவிட்டால் வரலாறு ஆகிவிடாது. 2010 பிப்ரவரியில் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். ஆறு அறிவியல் கழகங்களிடம் மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றி அறிக்கை கேட்டார். செப்டம்பரில் அறிக்கை வந்தது. அதில் சில பத்திகள் முன்பே வெளியான ஒரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தன! திருத்திய அறிக்கை டிசம்பரில் வந்தது. நாட்டின் மூத்த விஞ்ஞானிகளின் ஆலோசனை இந்த லட்சணத்தில் இருந்தது. நீங்கள் நாற்காலி எண்ணுகிறீர்கள்.

இராமநாதபுரத்தான்:
கத்தரிக்காய் நிற்கட்டும். பழங்கோப்பு ஐயாவுக்குக் கலாம் என்றாலே ஏன் இந்தக் கசப்பு? முன்பு இங்கே நடந்த ஏவுகணை விவாதத்திலும் இதே வேலைதான் செய்தார். தெருவில் யாரிடமாவது கோத்தாரி யார் என்று கேட்டுப் பாருங்கள்.

பழங்கோப்பு:
தெருவில் கேட்டுத்தான் வரலாறு எழுத வேண்டுமா? சரி, கலாமுக்குப் பின் 2001 முதல் 2018 வரை அந்தப் பதவியில் இருந்தவர் யார் என்று அதே தெருவில் கேளுங்கள். ஆர். சிதம்பரம். சென்னையில் பிறந்தவர். உங்கள் வாயிலிருந்து அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லையே! இரண்டு ஆண்டு இருந்தவருக்குச் சிலை, பதினாறு ஆண்டுக்கு மேல் இருந்தவருக்கு மௌனம். ஏவுகணை விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இராமநாதபுரத்தான்:
அன்றே பதில் சொன்னேன். படிக்காதது என் குற்றமா?

பொள்ளாச்சிக்காரன்:
கோதுமை பற்றி நான் கேட்டதற்கு மட்டும் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

பழங்கோப்பு:
கோதுமை தனித் தலைப்பு. அங்கே வாருங்கள், அதையும் பார்த்துவிடுவோம்.