பிலிப்பைன்ஸ் வீரர்கள் பற்றிய மூன்று படங்கள்: எதை முதலில் பார்ப்பது? நம் சீமைக்கு இப்படி ஒன்று வருமா?

கண்டனூர்ப் பாதை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினொரு வருடம் தோகாவில் இருந்துவிட்டுப் போன தை மாதம்தான் ஊரோடு வந்துவிட்டேன், இப்போது காரைக்குடியில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை. அங்கே என் ரூமில் இரண்டு பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு அவர்களில் மூத்தவர் லேப்டாப்பில் ‘ஹெனரல் லூனா’ என்று ஒரு படம் போட்டார். ஏதோ சண்டைப் படம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கடைசியில் அந்தத் தளபதியை அமெரிக்கர்கள் கொல்லவில்லை, சொந்த நாட்டுச் சிப்பாய்களே சுற்றி நின்று சுட்டும் வெட்டியும் சாய்க்கிறார்கள், மேலே ஜன்னலில் ஒரு வயதான அம்மா எட்டிப் பார்த்து இன்னும் அசைகிறானா என்று கேட்கிறார். அந்த இடத்தில் என் நண்பர் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதற்கு முன்பே மூன்று தடவை பார்த்தவராம். அப்படியும் முடியவில்லை அவருக்கு.

அதற்குப் பிறகு தொடர்ச்சியாக இன்னும் படங்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எவ்வளவு நிஜம், ஒன்பதாவது படிக்கும் பையனோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன அக்டோபர் 24 அன்று பையனைக் கூட்டிக்கொண்டு திருப்பத்தூர் வழியாக வந்தேன். மாலை, மைக், கொடி கட்டிய வண்டிகள், ஒரு மணி நேரம் பஸ் நகரவில்லை. மருது சகோதரர்கள் யாருப்பா, எதுக்குச் சண்டை போட்டாங்க என்று பையன் கேட்டான். வெள்ளைக்காரன் தூக்கில் போட்டான் என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. லூனாவைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தெரிகிறது, பக்கத்து ஊரில் தூக்கில் தொங்கியவர்களைப் பற்றித் தெரியவில்லை. அன்றிலிருந்து இது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நம் சிவகங்கைச் சீமைக்கு அப்படி ஒரு படவரிசை ஏன் வரவில்லை?

ரஸ்தா ரயிலடி எழுதியது:

வந்த வரிசையிலேயே பாருங்கள் தம்பி. 2015-இல் லூனா, 2018-இல் ‘கோயோ’, 2025-இல் ‘கேசோன்’, பின்னாளில் ஜனாதிபதியான மனுவேல் கேசோனின் கதை. மூன்றுக்கும் ஒரே இயக்குநர், ஜெரால்டு தாரோக். பயானி என்றால் அவர்கள் மொழியில் வீரர், அதை வைத்து ரசிகர்கள் இந்த வரிசையை பயானிவர்ஸ் என்கிறார்கள். முதல் படத்துக்கு ஆரம்பத்தில் கூட்டம் இல்லை, தியேட்டர்கள் குறைந்துகொண்டே போயின, அப்புறம் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே, முக்கியமாகக் கல்லூரிப் பிள்ளைகள் சொல்லித்தான், திரும்ப நிறைந்தது.

உட்காரும் முன் பையனுக்கு ஒரு பின்னணி மட்டும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாதி புரியாது. முந்நூறு வருடத்துக்கு மேல் ஸ்பெயின் ஆண்ட நாடு. 1898 ஜூன் 12 அன்று புரட்சித் தலைவர் அகினால்டோ விடுதலையை அறிவிக்கிறார். அதே வருடம் டிசம்பரில் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் போட்டு, 2 கோடி டாலருக்கு ஸ்பெயின் அந்த நாட்டை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிடுகிறது. அங்கே வாழ்கிற ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் போர். லூனா வருவது இந்த இடத்தில்தான். ஸ்பெயினில் மருந்தியல் படித்த மனிதர், கோபக்காரர், சொன்னதைச் செய்யாத சிப்பாயை விட மாட்டார். கவித் ஊர்ப் படைப்பிரிவு ‘அகினால்டோ சொன்னால்தான் நகர்வோம்’ என்று நின்றபோது அவர்களின் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டார். கபனாத்துவானுக்கு வரச்சொல்லித் தந்தி வருகிறது, 1899 ஜூன் 5 அன்று போகிறார், அகினால்டோ அங்கே இல்லை, காத்திருந்தது அதே கவித் ஆட்கள். ஜன்னலில் நிற்கும் அந்த அம்மா வேறு யாருமில்லை, அகினால்டோவைப் பெற்றவர்.

ஆனால் எனக்கு மூன்றிலும் உயிர் ‘கோயோ’தான். கோயோ என்பது கிரெகோரியோ டெல் பிலாரின் செல்லப் பெயர், வயது 24, தளபதி. தப்பி ஓடும் அகினால்டோவுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பதற்காக 60 பேரோடு திராத் கணவாயில் நிற்கிறார், தேதி 1899 டிசம்பர் 2, எதிரே சுமார் 300 அமெரிக்கச் சிப்பாய்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் மலையின் பின்பக்கப் பாதையைக் காட்டிக்கொடுக்கிறார், கதை முடிந்தது. கதைகளில் அவர் வெள்ளைக் குதிரையில் ஏறி வீர வசனத்தோடு சாவார். படத்தில் அப்படி இல்லை. தூரத்தைப் பார்த்தபடி நிற்கிறார், ஒரு குண்டு, அவ்வளவுதான், பின்னணி இசைகூடக் கை கொடுக்காது. தியேட்டரில் இதை ஏற்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் அப்போது சிங்கப்பூரில் இருந்தேன், எங்கள் ஆபீஸ் பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் எங்கள் கோயோவை இப்படிச் செய்துவிட்டார்களே என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் அவரே சொன்னார், இருபத்து நாலு வயதுப் பையன் பயந்திருப்பான்தானே என்று. ஒரு படம் அந்தளவுக்கு ஒருவரை நகர்த்திவிட்டால் வேறென்ன வேண்டும்?

பையனோடு பார்ப்பதென்றால் லூனாவில் ரத்தம் அதிகம், கெட்ட வார்த்தையும் உண்டு. நீங்கள் முதலில் ஒரு தடவை தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லு எழுதியது:

எவ்வளவு நிஜம் என்று கேட்டிருந்தீர்களே அண்ணே, முதல் படம் தொடங்கும்போதே உண்மையை வைத்துச் செய்த கற்பனை என்று எழுத்துப் போட்டுவிடுவார்கள். ஹோவன் என்ற பத்திரிகைக்கார இளைஞர் கற்பனைப் பாத்திரம், மூன்று படத்திலும் வருவார், அவர் கண் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். அகினால்டோவின் ஆலோசகர் மாபினி, அகினால்டோ எல்லாம் நிஜ மனிதர்கள். மாபினிக்குக் கால் விளங்காது, அதனால் படம் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். அவராக நடித்தவரிடம் அந்த ஊர் மாணவர்களே ஏன் எழுந்திருக்கவே இல்லை என்று கேட்டார்களாம், அப்போதுதான் பள்ளிக்கூட வரலாறு எவ்வளவு நழுவிப்போயிருக்கிறது என்று நாடு முழுக்கப் பேச்சானது. அதனால் உங்கள் பையன் கேட்டதற்கு வருத்தப்படாதீர்கள், கேட்டானே, அதுவே பெரிது.

இன்னொரு காட்சியைத் தவற விடாதீர்கள். லூனாவின் அண்ணன் ஹுவான் லூனா பெரிய ஓவியர். ரோமில் செத்த வீரர்களை மண்ணில் இழுத்துக்கொண்டு போவதாக அவர் வரைந்த ‘ஸ்போலியாரியம்’ 1884-இல் மாட்ரிட்டில் தங்கப் பதக்கம் வாங்கியது, இப்போது மணிலா தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. படத்தில் தம்பியின் உடலை இழுத்துக்கொண்டு போகும் காட்சியை அந்த ஓவியம் மாதிரியே வைத்திருக்கிறார்கள். ஓவியத்தை முதலில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படத்துக்கு உட்காருங்கள்.

சிறுவயல் மண் எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். எங்கள் ஊர்தான் சின்ன மருதுவின் இருப்பிடம். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சியும் விழுந்த பிறகு, அடைக்கலம் தேடி வந்தது இங்கேதான். ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டைச் சுவரில் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி மதம் பாராமல் எல்லோரும் சேர வேண்டும் என்று கூப்பிட்ட அறிக்கை அது. கம்பெனிப் படை நெருங்கியபோது, எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று நம் ஆட்களே சிறுவயலைக் கொளுத்தினார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர்களில் ஒருவர், அதே படையில் வந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அவர் 1795-லேயே சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிதடியை வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆறு வருடம் கழித்து அதே மனிதர் தொடை முறிந்து, கைதியாகி, திருப்பத்தூரில் தூக்கில் தொங்கியதைச் சொல்லும்போது எழுத்திலேயே வருத்தம் தெரிகிறது. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். பல வருடம் கழித்து 1818-இல் வெல்ஷ் அங்கே போனபோது ஒருவர் அவர் முன்னால் வந்து நிற்கிறார், உடம்பெல்லாம் தளர்ந்து, வயதுக்கு மீறிய கிழவராக. துரைச்சாமி. இந்த ஒரு சந்திப்பை வைத்தே முழுப் படம் எடுக்கலாமே. கற்றுக்கொடுத்தவரின் மகன் எதிரே நிற்கிறான், கற்றுக்கொண்டவர் என்ன பேசுவார்?

கோயோ பற்றி ரயிலடி அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அவர் உடம்பிலிருந்ததை எல்லாம் அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிறகு வந்த ஓர் அமெரிக்க லெப்டினென்ட்தான் மரியாதையோடு அடக்கம் செய்து, அதிகாரி, பண்பாளர் என்று கல்லில் எழுதி வைத்தார். படித்தபோது எனக்கு வெல்ஷ்தான் ஞாபகம் வந்தார்.

கோட்டையூர் வாசல் எழுதியது:

எல்லாம் சரிங்க, யார் எடுக்க விடுவார்கள்? மருது சகோதரர்கள் கதையை ஒழுங்காக எடுத்தால் வேலு நாச்சியார் காலத்துக்குப் பிறகு அதிகாரம் யார் கைக்கு எப்படிப் போனது என்று காட்ட வேண்டும். படமாத்தூர் கௌரி வல்லபரைக் கம்பெனி ஏன் ஜமீன்தார் ஆக்கியது, புதுக்கோட்டைத் தொண்டைமான் ஏன் அந்தப் பக்கம் நின்றார், எல்லாவற்றையும் காட்ட வேண்டும். இன்றைக்கு ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. ஒரு வசனம் பிடிக்காவிட்டால் தியேட்டர் கண்ணாடி உடையும். பிலிப்பைன்ஸிலும் கேசோன் படத்துக்கு அவர் குடும்பத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது, எங்கள் தாத்தாவை அரசியல் சூதாட்டக்காரர் மாதிரி காட்டிவிட்டீர்கள் என்று. ஆனால் அங்கே அது கேள்வியாக வந்தது, படம் ஓடியது. இங்கே அந்தப் பொறுமை வந்தால்தான் நடக்கும். எனக்கு இதில் கோபம் இல்லை, நிஜமான கவலை.

மானகிரி ஆச்சி எழுதியது:

கோட்டையூர்த் தம்பி சொல்வது உண்மைதான், அதற்காக முன்னே யாரும் எடுக்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் சொந்தக் காசைப் போட்டு ‘சிவகங்கைச் சீமை’ எடுத்தார், 1959-இல். அதே மே மாதம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்து கூட்டத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. அதற்கும் முன்னால், ‘நாம் இருவர்’ படத்தை தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஏவிஎம் ஸ்டுடியோவில்தான் எடுத்தார்கள். பாரதி பாட்டுகளோடு 1947 தொடக்கத்தில், சுதந்திரம் வருவதற்கு முன்பே வந்த படம். என் ஆயா வில்வண்டியில் போய்ப் பார்த்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எங்கள் பக்கம் ஷூட்டிங்குக்கு வீடு கேட்டு மாதம் ஒருத்தர் வருகிறார். எல்லாம் பண்ணையார் கதைதான். யாராவது மருது படம் எடுக்க வந்து எங்கள் வீட்டு வளவில் கேமராவை வைத்தால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இந்த வீடுகள் எல்லாம் பர்மா, மலேயா போய்ச் சம்பாதித்துக் கட்டியது, 1801-இல் இந்தத் தேக்குத் தூணும் இல்லை, ஆத்தங்குடிக் கல்லும் இல்லை. காளையார்கோவிலில் போய் எடுக்கட்டும், அந்தக் கோபுரம் எல்லாவற்றையும் பார்த்தது.

கண்டனூர்ப் பாதை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்னது சுருக்கென்று பட்டது, நானும் பெரிய வீட்டில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி ‘கோயோ’ தனியாகப் பார்த்தேன். அந்தக் குண்டு சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காலையில் தோகா நண்பருக்குப் போன் போட்டு வெல்ஷ், துரைச்சாமி கதையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில். அவர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பையன் ஊருக்குத் திரும்பினானா என்பதுதான்.

சிறுவயல் அண்ணே, வருகிற ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். அரண்மனை இருந்த இடத்தைக் காட்ட முடியுமா?

சிறுவயல் மண் எழுதியது:

தாராளமாக வாங்க. வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள், கல்லல் போகிற பஸ்ஸில் ஏறினால் போதும், நான் ஸ்டாப்பில் நிற்கிறேன். பையனுக்கு ஒரு வளரி செய்து வைக்கிறேன், எங்கள் தாத்தா காலத்து மாதிரியைப் பார்த்து மரத்தில் செதுக்கியது. ஊருணிக்கரையில் நின்று வீசிப் பார்க்கட்டும்.