லேப்டாப் ஃபேன் சத்தத்துக்குப் பெட்டி செய்தேன், உள்ளே சூடு ஏறுகிறது. உதவி தேவை

கேள்வி:
வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறேன். 15.6 அங்குல லேப்டாப், லோடு ஏறினால் 45 வாட் இழுக்கும். ஃபேனின் கீச்சொலி மைக்கில் விழுகிறது. அட்டைப் பெட்டிக்குள் 2 செ.மீ. தெர்மோகோல் ஒட்டி, பின்பக்கம் நான்கு ஓட்டை போட்டு லேப்டாப்பை உள்ளே வைத்தேன். பத்து நிமிடத்தில் சிபியு 97 டிகிரி, ஃபேன் முன்னைவிட அதிகமாகக் கத்துகிறது. மானிட்டர், கீபோர்டு வெளியே. அறை 32 டிகிரி, பதிவின்போது ஏசி போட முடியாது. ஓட்டையைப் பெரிதாக்கினால் போதுமா?

பதில் 1:
போதாது சார். இந்தப் பெட்டியில் இனி ஓட்டாதீர்கள். தெர்மோகோல் சூட்டை வெளியே விடாது, சத்தத்தையும் உறிஞ்சாது, தீப்பட்டால் உருகிச் சொட்டும். ஓட்டைகள் ஒரே பக்கம் இருப்பதால், லேப்டாப் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கிறது.

கணக்கு இதுதான்: 45 வாட்டுக்கு நிமிடத்துக்கு 10 கன அடி காற்று ஓடினால், பெட்டியை விட்டு வெளியேறும் காற்று அறையைவிட 8 டிகிரி கூடுதலாக இருக்கும். 20 கன அடி ஓடினால் 4 டிகிரிதான். லேப்டாப்புக்குள் போகும் காற்றின் சூடு எவ்வளவு கூடுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு சிபியுவின் சூடும் கூடும். 20 கன அடியைக் குறி வையுங்கள்.

புதுப் பெட்டிக்கு மரம் வாங்கும் முன் ஒரு வேலை. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்குங்கள். பெரும்பாலான இன்டெல் லேப்டாப்பில் டர்போ, அதாவது சிபியு தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்வது, நின்றுவிடும். குரல் பதிவுக்கு டர்போ தேவையே இல்லை. சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கின் தூசியையும் எடுத்துவிடுங்கள். பலருக்குப் பெட்டி இல்லாமலே தீர்ந்துவிடும்.

பதில் 2:
அதற்கும் அடங்கவில்லை என்றால் புதுப் பெட்டியை இப்படிச் செய்யுங்கள். 12 மி.மீ. பிளைவுட், உள்ளளவு 55 × 40 × 20 செ.மீ. உள்சுவர் முழுக்க சத்தத்தை உறிஞ்சும் 25 மி.மீ. அக்கௌஸ்டிக் ஃபோம். வாங்கும்போது துண்டை வாயில் வைத்து ஊதுங்கள், மூச்சு மறுபக்கம் வர வேண்டும். வராத ஃபோம் இதற்கு உதவாது. தீ எளிதில் பிடிக்காத ரகமாகக் கேளுங்கள். 50 இறகுள்ள ஃபேன் நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றினால் கீச்சொலி 4,000 ஹெர்ட்ஸில் வரும். அதற்கு 25 மி.மீ. தாராளம். அடித்தொண்டை இரைச்சல் என்றால் இந்தத் தடிமன் பிடிக்காது.

காற்று முன்பக்கம் கீழே நுழைந்து பின்பக்கம் மேலே வெளியேற வேண்டும். இரண்டு வாயிலிலும் ஃபோம் ஒட்டிய, இரண்டு முறை மடங்கும் குழல் வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் லேப்டாப் தெரியவே கூடாது. ஃபோம் போக வழி 12 × 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஃபோம் தடிமனைக் கழிக்காமல் வெட்டிவிட்டு, வழி நெருங்கி ஃபேன் திணறும்.

வெளியேறும் குழலில் ஒரே ஒரு 120 மி.மீ. ஃபேன், ரப்பர் பின்னில் மாட்டி 800, 900 சுற்றில் ஓட்டுங்கள். வேகக் கட்டுப்பாடு உள்ள 12 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள். யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் பல ஃபேன் கிளம்பவே கிளம்பாது.

மூடி ஓரம் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள், வயர் ஓட்டையையும் அடையுங்கள். பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தாலே எவ்வளவு தடித்த பலகையானாலும் சத்தம் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. சார்ஜர் கட்டை வெளியே இருக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன். சத்தம் மைக்கில் விழவில்லை. ஆனால் முதலில் 76 டிகிரியில் நிற்கும் சிபியு, அரை மணியில் 90-க்குப் போகிறது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பதில் 2:
லேப்டாப்பின் சூடு பெட்டிக்குள்ளேயே சுற்றி முன்பக்கம் வருகிறது. டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து லேப்டாப்பின் அடியில், காற்று இழுக்கும் துளைக்குப் பக்கத்தில் ஒட்டி, பெட்டி மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். கீற்று பின்னாலிருந்து முன்னால் படபடத்தால் அதுதான் காரணம். லேப்டாப்பை 3 செ.மீ. உயர்த்தி, பின்விளிம்பிலிருந்து பெட்டியின் தரைக்கும் இரு பக்கச் சுவருக்கும் ஃபோம் பட்டையால் தடுப்பு வையுங்கள். பெட்டி மூடியிலிருந்தும் அதே கோட்டில் ஒரு பட்டை தொங்கட்டும். சூடு வரும் வாய் தடுப்புக்குப் பின்னால், இழுக்கும் துளை முன்னால். உங்கள் மாடல் கீபோர்டு வழியாகவும் காற்று இழுத்தால், லேப்டாப் மூடியை நாலு விரல் திறந்து வையுங்கள்.

பதில் 1:
பேட்டரி சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். சூட்டில் எப்போதும் 100-ல் நின்றால் பேட்டரி உப்பக்கூடும். பெட்டி ஃபேன் நின்றுபோனால் தெரிய வேண்டும் என்பதால், 90 டிகிரியில் ஒலி எழுப்பும்படி, சிபியு சூட்டைக் காட்டும் மென்பொருளான ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் அலர்ட் வையுங்கள்.