தாய்மாமாவுக்குக் கல்லீரல் கொடுக்கப் போகிறேன், கொடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வயது 34, கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடையில் வேலை. திருமங்கலத்தில் இருக்கும் என் தாய்மாமாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது. வயிற்றில் நீர் கோத்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் மார்புக்குக் கீழே கட்டுகிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. எனக்கு ரத்த வகை பொருந்துகிறது.

சிக்கல் என்னவென்றால், 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவு என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். தாய்மாமன் கிடையாது! மடியில் உட்கார வைத்து எனக்குக் காது குத்தியவர், சட்டத்துக்கு வெளி ஆள். அதனால் அங்கீகாரக் குழு முன்னால் போக வேண்டும். பணம் கைமாறவில்லை என்று காட்ட என்னென்ன காகிதம் கேட்டார்கள்? பழைய காதுகுத்து போட்டோ உதவுமா? எத்தனை நாள் ஆனது?

அப்புறம், வலப்பக்கம் பாதிக்கு மேல் எடுப்பார்களாம், சில மாதத்தில் வளர்ந்துவிடுமாம். சரி. ஆனால் நான் தினமும் மூட்டை தூக்குகிறவன். நீங்கள் எப்போது திரும்பக் கனம் தூக்கினீர்கள்?

கொடுக்கப்போவது நான்தான் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் எப்படிப் பேச்செடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.