அம்மாவோடு பலெர்மோவிலிருந்து செஃபலூ: ஒரே நாளில் போய்வரலாமா?

பொகவந்தலாவைக்காரி:
வணக்கம். செப்டம்பர் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்கு 67 வயது. 38 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர், இப்போது முழங்கால் வலி. கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், கொழும்பு காலிமுகத்திடலில். அன்றைக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கால் நனைக்காமலே இழுத்து வந்துவிட்டேன். அது இன்னும் மனதை அறுக்கிறது. தங்கச்சிக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. பக்கத்துக் கடற்கரை ஊரான செஃபலூவுக்குப் போகலாம் என்கிறாள். அம்மாவால் முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மாட்டிறைச்சி தொடமாட்டார்.

தலவாக்கலைத் தம்பி:
அக்கா, தாராளமாகப் போகலாம். பலெர்மோ சென்ட்ராலே ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். இடது பக்க ஜன்னலில் அம்மாவை உட்கார வையுங்கள், கடல் அந்தப் பக்கம். கடதாசி டிக்கெட் என்றால் ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்தவேண்டும், மறந்தால் அபராதம். ஞாயிறு ரயில் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

செஃபலூ பேராலயம் 1131இல் இரண்டாம் ரோஜர் மன்னர் தொடங்கியது. பீடத்துக்கு மேலே பொன் பதித்த பெரிய இயேசு. தோளை மூடிப் போகவேண்டும், சேலை கட்டியவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் அம்மாவுக்குக் கட்டாயம் காட்டவேண்டியது லவத்தோயோ, பழைய துணி துவைக்கும் துறை. தெருவிலிருந்து வளைந்த கல்படிகளில் இறங்கினால் நம்ம தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைதான்! சுவரில் வரிசையாக இரும்புச் சிங்க முகங்கள், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. கீழே கல் தொட்டிகள், துணி தேய்க்கச் சாய்ந்த கல். ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துவைத்த இடம். செஃபலீனோ ஆற்றுத் தண்ணீர், அப்படியே கடலுக்குப் போகிறது. 'வெள்ளியை விடத் தூயது, பனியை விடக் குளிர்ந்தது' என்று வாசலில் பொறித்திருக்கிறார்கள். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது, லயத்து வீட்டுக்குக் கீழே குடத்தோடு அம்மா நிற்கிறார் போலிருந்தது. வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். படி கொஞ்சம் வழுக்கும், கையைப் பிடித்து இறக்குங்கள்.

நுவரெலியா மாமி:
மகள், லா ரொக்கா மலைக்கு மட்டும் ஏற வேண்டாம். 270 மீட்டர்தான், நமக்கு அது மேடே இல்லை. ஆனால் கல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்றிருக்கும், நிழலும் குறைவு. அந்த நேரத்தைக் கடற்கரையில் கழியுங்கள். பழைய ஊரை ஒட்டியே மணல், தண்ணீர் மெதுவாகத்தான் ஆழமாகும், செப்டம்பரில் வெதுவெதுப்பு இருக்கும். அரஞ்சினா என்ற பொரித்த சோற்று உருண்டையில் பெரும்பாலும் மாட்டிறைச்சி, கேட்டு வாங்குங்கள். கடலை மாவில் பொரித்த பனெல்லே அம்மாவுக்குப் பிடிக்கும். இல்லாவிட்டால் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள்.

பொகவந்தலாவைக்காரி:
தம்பி, மாமி, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பீலியில் கால் கழுவ விடுவார்களா என்றுதான் கேட்டார்.

தலவாக்கலைத் தம்பி:
நான் கழுவியிருக்கிறேன் அக்கா. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.