அயல்நாட்டில் ஆற்றிலும் ஏரியிலும் படகு விளையாட்டு: எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது?

கேள்வி: திருநகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். அலுவலகப் பணியின் பொருட்டு வரும் ஏப்ரலில் குடும்பத்துடன் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குச் செல்கிறேன்; இரண்டு ஆண்டுகள் அங்கு இருப்போம். நெக்கர் ஆறு அந்த நகரத்தின் ஊடாகவே ஓடுகிறது என்று அறிந்த நாள்முதல் எனக்கும் பதினொரு வயது மகளுக்கும் அதே நினைவாக இருக்கிறது. கடல் விளையாட்டுகளில் எங்களுக்கு நாட்டமில்லை. ஆறு, ஏரி, கால்வாய் இவற்றில் கயாக் எனும் ஒடுங்கிய சிறுபடகு விடவும் துடுப்புப் படகு வலிக்கவும் முறையாகக் கற்க வேண்டும் என்பதே ஆசை.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். மேலூர்ப் பக்கம் எங்கள் கிராமத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் கற்றவன் நான். கண்மாய் பெருகிய ஆண்டுகளில் வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் மிதந்திருக்கிறேன். படகு என்று பார்த்தால் கொடைக்கானல் ஏரியில் மிதித்துச் செலுத்திய மிதிபடகோடு என் அனுபவம் முடிந்துவிடுகிறது. மகள் ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்தில் இரண்டு கோடைகள் பயிற்சி பெற்றிருக்கிறாள்.

இணையத்தில் தேடினால் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்கள்தாம் வருகின்றன. அங்கேயே வசிக்கப்போகும் ஒருவர் யாரை அணுக வேண்டும்? உரிமம் ஏதும் தேவைப்படுமா? போகும் வழியில் சிங்கப்பூரில் மைத்துனர் வீட்டில் நான்கு நாட்கள் தங்குகிறோம். அங்கும் ஏதேனும் செய்ய இயலுமா?

பதில்: கே.கே.நகர்

ஜெர்மனியில் ஆறு ஆண்டுகள் வசித்துவிட்டுக் கடந்த ஆண்டு மதுரைக்குத் திரும்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் படகைத் தேட வேண்டாம், சங்கத்தைத் தேடுங்கள். அந்த நாட்டில் விளையாட்டு என்பது பெரும்பாலும் 'ஃபெராய்ன்' எனப்படும் ஊர்ச் சங்கங்களின் வழியாகவே நடக்கிறது. ஆற்றங்கரையில் சங்கத்துக்குச் சொந்தமான படகுக் கொட்டகை இருக்கும். ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்கள் சங்கப் படகுகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத மூத்த உறுப்பினர்கள். சுற்றுலா நிறுவனத்தில் ஒரு பிற்பகலுக்குக் கொடுக்கும் தொகையோடு இந்தச் சந்தாவை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு உங்களுக்கே புரியும்.

தேடும்போது ஊர்ப் பெயருடன் 'கனு' என்றோ 'ரூடர்ன்' என்றோ சேர்த்துத் தேடுங்கள். முன்னது கயாக், கேனோ வகைகளுக்கு; பின்னது பின்பக்கம் பார்த்து அமர்ந்து வலிக்கும் துடுப்புப் படகுக்கு. இரண்டுக்கும் சங்கங்கள் தனித்தனியாக இருப்பது வழக்கம் என்பதால், ஒன்றில் போய் மற்றதைக் கேட்டு ஏமாற வேண்டாம். 'ஷ்னுப்பர்' என்று தொடங்கும் வகுப்பு கண்ணில் பட்டால் அதுதான் உங்களுக்கு உரியது; முகர்ந்து பார்த்தல் என்ற பொருளில், சேர்வதற்கு முன் ஓரிரு முறை வந்து பார்க்க அழைக்கும் பயிற்சி அது. நீங்கள் ஏப்ரலில் போய் இறங்குவது நல்வாய்ப்பு. வசந்தத்தில் பருவத்தைத் தொடங்கிவைக்கும் கூட்டுப் பயணத்தை 'அன்பாடெல்ன்' என்பார்கள். கொட்டகையில் எல்லோரும் கூடும் நாள் அது. மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட அன்று நேரில் போய் நிற்பது பயன் தரும். என் ஜெர்மன் மொழி அப்போது கடைக்குப் போய் வரும் அளவில்தான் இருந்தது. இருந்தும் படகைத் தோளில் தூக்க ஒருவர் கூடுதலாகக் கிடைத்தார் என்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே.

உரிமம் குறித்து: கையால் துடுப்புப் போடும் படகுக்கு ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை. மோட்டார்ப் படகானால் 15 குதிரைத்திறனுக்கு மேல் உள்நாட்டு நீர்வழிக்கான உரிமம் வேண்டும். ரைன் ஆற்றில் அந்த வரம்பு 5 குதிரைத்திறனாகக் குறைகிறது. கோடையில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் போவீர்கள் என்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் கரை பகிரும் அந்த ஏரிக்குத் தனி விதிகள் உண்டு; 12 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பாய் கட்டிய படகுக்கும் அங்கே உரிமம் கேட்பார்கள்.

நெக்கர் குறித்து ஒரு சொல். பிளோகிங்கன் முதல் மான்ஹைம் வரை, ஸ்டுட்கார்ட் உட்பட, அது சரக்குக் கப்பல் போகும் நீர்வழி. இந்த 203 கிலோமீட்டரில் 27 மதகுப் பூட்டுகள் இருக்கின்றன. மதகின் இரு கதவுகளுக்கிடையே நீரை ஏற்றியும் இறக்கியும் கப்பலைக் கடத்தும் அமைப்பு அது. எனவே தொடக்கத்தில் அங்கே தனியாக இறங்காதீர்கள். பிளோகிங்கனுக்கு மேலே ஆறு ஒடுங்கி அமைதியாகிறது. டியூபிங்கனில் நீண்ட கழியால் ஊன்றித் தள்ளும் மரப்படகுகளைப் பார்க்கும்போது உங்களுக்கு நம் ஊர்ப் பரிசல்காரர்களின் கோல் நினைவுக்கு வரும்.

மகளுக்கு: சிறுவர்களைச் சேர்க்கும்போது நீச்சல் சான்று கேட்பது வழக்கம். நம் ஊர்ப் பயிற்சியாளர் எழுதித் தந்த கடிதத்தை வைத்துக்கொண்டு வாதாடுவதைவிட, அங்கே போனதும் நகர நீச்சல் குளத்தில் 'புரோன்ஸ்' (வெண்கலம்) எனப்படும் நீச்சல் சான்றுக்குத் தேர்வெழுத வைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடங்களில் குறைந்தது 200 மீட்டர் நீந்துவது, சுமார் இரண்டு மீட்டர் ஆழத்தில் மூழ்கி ஒரு பொருளை எடுத்துவருவது ஆகியவை அதில் உண்டு. இரண்டு கோடை பயின்ற பிள்ளைக்கு அது பெரிய வேலையன்று.

பதில்: அனுப்பானடி

மேலே எழுதியவர்மீது மதிப்பு உண்டு. ஆனால் நான் மாறுபடுகிறேன். சங்கம், சந்தா, கூட்டம், கொட்டகை துப்புரவு என்று போனால் முதல் கோடை அதிலேயே கழிந்துவிடும். நான் ஐரோப்பாவில் மூன்று ஆண்டுகள் இருந்தபோது காற்றடித்துப் பயன்படுத்தும் கயாக் ஒன்றை வாங்கிக் காரின் பின்புறம் போட்டுக்கொண்டேன். தோள்பை அளவுக்கு மடியும்; பம்பில் பத்து நிமிடம் காற்றடித்தால் போதும். வார இறுதியில் எந்த ஏரி கண்ணில் படுகிறதோ அங்கே இறங்கலாம். நல்ல நீச்சல்காரருக்கு இவ்வளவு முன்னேற்பாடு எதற்கு?

பதில்: நாட்டிங்காமிலிருந்து ஒரு செல்லூர்க்காரர்

அனுப்பானடி அண்ணன் கேட்ட கேள்விக்கு என் உடம்பில் பட்ட பதில் இருக்கிறது. நானும் வைகையில் நீர் வந்த நாட்களில் நீந்தி வளர்ந்தவன்தான். இங்கிலாந்து வந்த முதல் ஆண்டு, மே மாதத்தில், வெயில் நன்றாக அடித்த ஒரு நாளில், வாடகைக் கயாக்கில் ஒரு சிற்றாற்றில் இறங்கிக் கவிழ்ந்தேன். நீர் ஆழமில்லை; எனக்கு நீச்சலும் தெரியும். ஆனால் தண்ணீர் பட்ட கணத்தில் மூச்சு என் வசத்தில் இல்லை. வாயைத் திறந்து திறந்து இழுக்கிறேன், கை கால்கள் நீந்த மறுக்கின்றன. காற்று சூடாக இருந்தாலும் ஆறு குளிர்காலத்திலேயே நிற்கும் என்பது மதுரைக்காரனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 15 பாகை செல்சியசுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் உடல் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஓரிரு நிமிடத்துக்குள் அது அடங்கும். அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். இதைப் பின்னால் சங்கத்தில் சேர்ந்து கற்றேன். அன்று என்னைக் காத்தது என் நீச்சலன்று, இடுப்பிலும் மார்பிலும் இறுகக் கட்டியிருந்த மிதவை அங்கிதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து தடுப்பணை. நம் ஊரில் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்கிறது என்றால் சிறுவரும் பெரியவரும் அங்கே குளிக்கக் கிளம்பிவிடுவோம். அந்தப் பழக்கத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஐரோப்பிய ஆறுகளில் குறுக்கே கட்டிய தாழ்ந்த அணைகள் மிகுதி. மேலிருந்து வழிந்து விழும் நீர் அடியில் சுருண்டு, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி ஓடும். மிதக்கும் எதையும், படகானாலும் ஆளானாலும், அது வெளியே விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். மேலிருந்து வருபவர் கண்ணுக்கு அது ஆற்றின் குறுக்கே இழுத்த ஒரு நேர்கோடு போலத் தெரியுமே தவிர அருவிபோல் அச்சுறுத்தாது. எங்கே கரையேறிப் படகைச் சுமந்து கடக்க வேண்டும் என்பதைச் சங்கத்தில் உள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். புதிதாக வந்து காற்றடித்து இறங்குபவருக்கு யார் சொல்வார்கள்? நிற்கும் ஏரியில் கரையோரமாகவே போவதென்றால் அண்ணன் சொல்வது பொருந்தும், ஆற்றுக்குப் பொருந்தாது.

இங்கிலாந்துக்கு வர எண்ணுவோருக்காக: இங்கே நீர் யாருக்கு உரியது என்பதே முதல் கேள்வி. பெரும்பாலான ஆறுகளில் படகு விடும் உரிமை தெளிவாக இல்லை. கால்வாய்களிலும் பேணப்படும் ஆறுகளிலும் துடுப்புப் படகுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். முன்பு 'பிரிட்டிஷ் கனூயிங்' என்று இருந்து 2024-இல் 'பேடில் யூகே' என்று பெயர் மாறிய அமைப்பில் உறுப்பினரானால் அந்தச் சீட்டும் அதனுள் அடங்கும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் உள்நாட்டு நீரில் துடுப்புப் போடலாம். ஒரே தீவில் இரண்டு நியாயம்.

பதில்: பீபி குளம் (தற்போது சிங்கப்பூர்)

சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே மெக்ரிச்சி, பிடோக் நீர்த்தேக்கங்களில் கயாக் உண்டு. கல்லாங் ஆற்றுப்படுகையிலும் உண்டு. 2008-இல் மரினா தடுப்பணை கட்டிய பிறகு அதுவும் நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. குடிநீருக்கான நீர் என்பதால் நினைத்த இடத்தில் இறங்கி நீந்த முடியாது. வழிகாட்டியின்றி வாடகைக்கு எடுக்க 'ஒன் ஸ்டார்' எனும் தொடக்கநிலைக் கயாக் சான்று கேட்பார்கள் என்பதால், அந்தப் பயிற்சியையே மைத்துனரைக்கொண்டு முன்பதிவு செய்துவிடுங்கள். காலை நேரமே கொள்ளுங்கள். பிற்பகலில் இடி எச்சரிக்கை வந்தால் எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள், பணமும் பொழுதும் வீண். வெதுவெதுப்பான நீரில் நீங்களும் மகளும் நான்கைந்து முறை கவிழ்ந்து எழுந்து பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பதில்: அனுப்பானடி

செல்லூர்த் தம்பி சொன்ன தடுப்பணை விவரத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை. நான் போனவையெல்லாம் ஏரிகள்தாம். காற்றுப் படகு வாங்குவோருக்கு ஒன்று சேர்க்கிறேன்: ஜெர்மனியின் கூட்டரசு நீர்வழிகளில் சொந்தக் கயாக் என்றால் வெளிப்புறம் படகின் பெயரும், உட்புறம் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். என் படகுக்கு 'மீனாட்சி' என்று தமிழில் எழுதினேன். ஒரு முறை சோதனைக்கு வந்த நீர்வழிக் காவலர் அதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

பதில்: திருநகர்வாசி

அனைவருக்கும் நன்றி. சிங்கப்பூரில் காலை வகுப்புக்கு இருவருக்கும் இடம் கேட்டிருக்கிறோம். செல்லூர்க்காரரின் பதிலைப் படித்தபின், நீச்சல் குளத்தில் அனுமதி பெற்று முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து நீந்திப் பார்த்தேன். கிணற்றில் கற்ற நீச்சல்மீது இருந்த கர்வம் மூன்றாவது சுற்றிலேயே கரைந்தது. மகள் என்னைவிட இரண்டு சுற்று கூடுதலாகப் போனாள். மிதவை அங்கியை இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: கே.கே.நகர்

வேண்டாம். சங்கத்தில் எல்லா அளவிலும் தொங்கும். முதலில் அவற்றை அணிந்து பாருங்கள். பின்னர் வாங்கும்போது கயாக்குக்கு 50 நியூட்டன் மிதப்பு கொண்டதைக் கேளுங்கள். அது கை வீச இடம் கொடுக்கும், ஆனால் நினைவிழந்தவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பாது. ஆகவே மகளுக்கு எது பொருந்தும் என்பதை அங்குள்ள பயிற்சியாளரே எடை பார்த்துச் சொல்லட்டும். மதுரையிலிருந்து கொண்டுபோக வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் கண்ணாடி அணிபவரென்றால் அதைத் தலையோடு சேர்த்துக் கட்ட ஒரு கயிறு. என் கண்ணாடி இன்னும் நெக்கரின் அடியில் கிடக்கிறது.