நைனாவுக்கு ஹெபடைடிஸ் சி குணமானது

எங்கள் ஏரியாவில் ஈரல் கெட்டுவிட்டது என்றால் குடிதான் காரணம் என்று பேசிவிடுவார்கள். எங்கள் நைனா குடியைத் தொட்டவரே இல்லை. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘எச்சிவி பாசிட்டிவ்’ என்று வந்தது. எச்சிவி என்றால் ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ். கண் மஞ்சளாகவில்லை, பசி குறையவில்லை. கொஞ்சம் அசதி இருந்தது, வயசாகிறது என்று விட்டுவிட்டிருந்தார். இந்த வைரஸ் இருபது முப்பது வருஷம்கூட வெளியே தெரியாமல் ஈரலைக் கெடுத்துக்கொண்டிருக்குமாம்.

நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். 90-களில் கால் நசுங்கியபோது ரத்தம் ஏற்றினார்கள். அதில்தான் வந்திருக்கும் என்று டாக்டர் நினைக்கிறார். வைரஸையே 1989-இல்தான் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டு ரத்த வங்கிகளில் இதற்கான சோதனை கட்டாயமானது 2000-க்குப் பிறகு. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், டயாலிசிஸில் இருப்பவர்களும் தயவுசெய்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

கண் ஆபரேஷன் செய்யவிருந்த தனியார் மருத்துவமனையில் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. வீட்டில் அத்தை நைனாவின் டம்ளரைத் தனியாக எடுத்து, அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டார். நைனா எதுவும் கேட்காமல் அதிலேயே டீ குடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. சேர்ந்து சாப்பிடுவதாலோ தொடுவதாலோ இது பரவாது, ரத்தத்தின் வழியாகத்தான் பரவும். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ், இவை மட்டும் தனியாக இருந்தால் போதும். அத்தையையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வைத்தேன். அப்புறம் அந்த டம்ளர் எல்லா டம்ளரோடும் சேர்ந்துவிட்டது.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஹெபடைடிஸுக்காக 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். முதல் சோதனை பாசிட்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், சிலருக்குத் தானாகவே போய்விடும். இப்போது இருக்கிறதா என்பதை, ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு சோதனைதான் சொல்லும். நைனாவுக்கு இருந்தது, ஈரலும் இறுகத் தொடங்கியிருந்தது. அதனால் சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். ஈரல் இறுகாதவர்களுக்கு வேறு கூட்டு மாத்திரை கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி, அப்படியும் பலருக்குக் குணமாகாது. இப்போது நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது.

இன்னொன்று, நைனா தினமும் காலையில் போடும் கேஸ் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார். வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்படாஸ்விர் சரியாக உடம்பில் சேராது. அதனால் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி வைரல் லோடு பார்த்தார்கள். வைரஸ் இல்லை. ஆனால் அந்த முதல் சோதனை இனியும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். கண் ஆபரேஷனுக்குத் திரும்பப் போனபோது அதே பழைய பதற்றம்; கடைசி ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அதை நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரல் இறுகியவர்கள் வைரஸ் போனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனை விடக் கூடாது, புற்றுநோய் வருகிறதா என்று பார்ப்பதற்கு. நைனாவுக்கு அடுத்தது தை மாதம்.