கர்ஃப்யூவுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி:
கர்ஃப்யூ என்பது பிரெஞ்சுச் சொல், 'நெருப்பை மூடு' என்று அர்த்தம் என ஒரு நண்பர் சொன்னார். ஊரடங்குக்கும் நெருப்புக்கும் எப்படி முடிச்சு விழுந்தது? நாம் தினமும் புழங்குகிற ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் இப்படி வேறு என்னென்ன இருக்கின்றன? அகராதியில் 'பழைய பிரெஞ்சு' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது போதவில்லை.

பதில் 1:
நண்பர் சொன்னது சரிதான். அந்தக் காலத்து ஐரோப்பிய ஊர்களில் மரவீடுகளும் கூரை வீடுகளும் நெருக்கமாக இருக்கும், ஒரு அடுப்பில் பொறி பறந்தால் தெருவே போய்விடும். அதனால் இரவு குறித்த நேரத்தில் மணி அடிப்பார்கள், அடுப்பைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுக்க வேண்டும். நாளடைவில் நெருப்பு மறந்துபோய், 'அந்த மணிக்குப் பிறகு வெளியே வராதே' என்பது மட்டும் மிஞ்சியது. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன, ஜட்ஜ், ஜூரி, பார்லிமென்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

பதில் 2:
எனக்கு மிகவும் பிடித்தது மார்ட்கேஜ், அதாவது அடமானம். பிரெஞ்சில் மோர் என்றால் இறந்த, காஜ் என்றால் ஈடு. செத்த ஈடு! 17-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் இதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்: கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்துப்போகிறது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்கு ஈடு செத்துப்போகிறது. அடமானம் வைத்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் புரியும்.

பதில் 3:
பட்ஜெட்டை விட்டுவிட்டீர்களே. பூஜெத் என்றால் சின்னத் தோல்பை. நிதி அமைச்சர் பையைத் திறந்து கணக்கைக் காட்டுகிறார் என்ற பேச்சு 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வந்தது, அப்புறம் பை போய்க் கணக்கே பட்ஜெட் ஆனது. பிறகு பிரெஞ்சுக்காரர்களே அந்தப் புதுப் பொருளோடு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கேட்டவர்:
அருமை, மூவருக்கும் நன்றி. அப்படியானால் சபோடாஜ், அதாவது நாசவேலை? தொழிலாளர்கள் மரச்செருப்பை இயந்திரத்துக்குள் வீசியதால் வந்த பெயர் என்று படித்தேன்.

பதில் 3:
செருப்பு உண்மை, வீசிய கதைக்கு ஆதாரம் இல்லை. சபோ என்பது மரச்செருப்பு, அதிலிருந்து பிறந்த சபோத்தே என்ற வினைக்கு வேலையை அரைகுறையாகச் செய்து கெடுப்பது என்று பொருள். வேண்டுமென்றே கெடுப்பது என்ற பொருள் அதிலிருந்துதான் வந்தது.